டிராக்டர் வாங்கலாம், அதன் பின்னால் எதை மாட்டுவது?

புல் வெட்டும் சிறிய டிராக்டர் ஒன்றின் விற்பனைக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். டிராக்டரைப் பற்றி ஒன்றிரண்டு பக்கங்கள்தாம் இருக்கும். அதனோடு மாட்டும் கருவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். புல்வெட்டும் தட்டு, புல் சேகரிக்கும் பை, இழுவை வண்டி, உருளை, மண்ணில் துளையிடும் கருவி, உரம் தூவும் கருவி, சுழல் கலப்பை, முன்வாளி என்று பட்டியல் நீளும். சில கையேடுகளில் பனியை ஒதுக்கித் தள்ளும் தகடுகூட இருக்கும். ஈப்போவிலோ கூலிமிலோ பனி கொட்டும் நாள் வந்தால் அது நமக்கும் பயன்படும்!

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் வேறொரு நாட்டின் மண்ணையும் மழையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே வாசித்து வாங்கினால், பனித்தகடு மாதிரி நமக்குப் பொருந்தாத இன்னும் இரண்டு மூன்று கருவிகளும் சேர்ந்து வந்துவிடும். அவை பார்ப்பதற்குப் பனித்தகடு அளவுக்கு வேடிக்கையாக இருக்காது. அதனால் கண்டுபிடிப்பதும் கடினம்.

பள்ளித் திடல், கோவில் நிலம், வீட்டை ஒட்டிய ஓர் ஏக்கர் பழத்தோட்டம் ஆகியவற்றைப் பராமரிக்க இப்படிப்பட்ட டிராக்டரை வாங்கலாமா என்று நம் ஊர்களில் இப்போது பேச்சு எழுகிறது. பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி, குதிரைத்திறனில் முடிகிறது. என் கருத்து வேறு. டிராக்டர் என்பது சக்கரம் வைத்த ஓர் இயந்திரம் மட்டுமே. வேலையைச் செய்வது அதனோடு மாட்டும் கருவி. அந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்க விற்பனையாளரின் பேச்சைவிட, நீங்கள் படிவம் 2லும் படிவம் 3லும் படித்த அறிவியல் நன்றாக உதவும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பெற்றோர்களின் பணம் போகும், திடலின் மண் கெடும். எல்லாவற்றையும்விட, இருக்கையில் உட்கார்ந்து ஓட்டும் மனிதரின் உயிருக்கு ஆபத்து வரும்.

ஒரே தோற்றம், இரண்டு உடல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் அருகருகே நிற்கும் இரண்டு டிராக்டர்கள் ஒரே மாதிரி தெரியலாம். ஒன்று புல்தரை டிராக்டர். மற்றொன்று தோட்ட டிராக்டர். தோட்டம் என்றதும் நமக்குச் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் பெரிய டிராக்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அதை அல்ல. வீட்டுத் தோட்ட அளவுக்குச் செய்யப்பட்ட சிறிய வண்டியை.

புல்தரை டிராக்டருக்கு மெல்லிய சட்டம், சிறிய பின்சக்கரங்கள், இலகுவான பல்சக்கரப் பெட்டி. தோட்ட டிராக்டருக்குக் கனமான சட்டம், பெரிய பின்சக்கரங்கள், உறுதியான பல்சக்கரப் பெட்டி. இரண்டிலும் இயந்திரத்தின் திறன் 20 குதிரைத்திறன் என்றே எழுதியிருக்கலாம். ஆனால் கலப்பையைப் போல் மண்ணுக்குள் இறங்கி வேலை செய்யும் கருவியைப் புல்தரை டிராக்டரில் மாட்டி நாள் முழுவதும் இழுத்தால், இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. பல்சக்கரப் பெட்டி சூடேறித் தேய்ந்து போகும். அதைப் பழுதுபார்க்கும் செலவு கலப்பையின் விலையைத் தாண்டிவிடக்கூடும்.

ஆகவே கருவியைப் பார்க்கும் முன் வண்டி எந்த வகை என்று கேட்க வேண்டும். வண்டியோடு தரும் பயனர் கையேட்டில் எந்தக் கருவிகளை மாட்டலாம், எவ்வளவு எடை இழுக்கலாம் என்று எழுதியிருக்கும். யாரும் படிக்காத அந்தப் பக்கம்தான் கையேட்டிலேயே முக்கியமான பக்கம்.

டிராக்டரிடம் மூன்றே சரக்கு

எத்தனை கருவிகள் இருந்தாலும், டிராக்டர் அவற்றுக்குக் கொடுப்பவை மூன்றே மூன்று. ஒன்று, சுழற்சி. புல்வெட்டும் தட்டும் சுழல் கலப்பையும் இதைக் கேட்கின்றன. இரண்டு, இழுவை. இழுவை வண்டி, உருளை, துளையிடும் கருவி ஆகியவை இதைக் கேட்கின்றன. மூன்று, தாங்குதல். முன்வாளி போன்றவை தங்கள் எடையையும் சுமையின் எடையையும் டிராக்டரின் மேல் ஏற்றுகின்றன.

ஒரு கருவியைப் பார்த்ததும் இது டிராக்டரிடம் எதைக் கேட்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சுழற்சி கேட்டால் இயந்திரத்தின் திறனைப் பார்க்கலாம். இழுவை கேட்டால் சக்கரத்தின் பிடிமானத்தைப் பார்க்க வேண்டும். தாங்கச் சொன்னால் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும்.

இழுவைக்கு வேண்டியது பிடிமானம்

“சார், 20 குதிரைத்திறன் என்றால் 20 குதிரைகள் இழுப்பதை அது இழுத்துவிடுமா?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டுநரோடு சேர்த்து டிராக்டரின் நிறை 320 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 கிலோகிராம் பின்சக்கரங்களின் மேல் இருக்கட்டும். அங்கே தரையை அழுத்தும் விசை ஏறக்குறைய 2,000 நியூட்டன். மழை பெய்த புல்தரையில் உராய்வுக் குணகம் 0.3 என்று எடுத்துக்கொண்டால், சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய அதிகபட்ச விசை 2,000ஐ 0.3ஆல் பெருக்கக் கிடைக்கும் 600 நியூட்டன். அதற்கு மேல் இழுக்கச் சொன்னால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். புல் பிய்த்துக்கொண்டு வரும்.

இப்போது திறனைக் கணக்கிடுவோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 1.4 மீட்டர். திறன் என்பது விசை பெருக்கல் வேகம். 600 பெருக்கல் 1.4, அதாவது 840 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, அந்த டிராக்டர் ஈரப் புல்லில் இழுவைக்குப் பயன்படுத்த முடிந்தது ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல்! மிச்சம் 18, 19 குதிரைகள் சும்மா நிற்கின்றன.

இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தவர், இழுவைக் கருவி வாங்கும்போது “இதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட வண்டி இருக்கிறது” என்ற பேச்சுக்கு மயங்க மாட்டார். கூடுதல் பிடிமானம் வேண்டுமானால் பின்சக்கரத்தில் எடை சேர்க்க வேண்டும், அல்லது டயரை மாற்ற வேண்டும், அல்லது தரை காயும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை.

இறங்கும் வழியில் இருக்கிறது ஆபத்து

அதே டிராக்டரின் பின்னால் மண் நிரப்பிய 200 கிலோகிராம் இழுவை வண்டியை மாட்டுவோம். பள்ளிக்குப் பின்னால் 10 பாகை சரிவு இருக்கிறது. சரிவில் ஒவ்வொரு பொருளையும் அதன் எடையில் ஏறக்குறைய 17 விழுக்காடு விசை கீழ்நோக்கி இழுக்கும். டிராக்டரின் 3,200 நியூட்டன் எடைக்கு அது சுமார் 550 நியூட்டன். இழுவை வண்டிக்குச் சுமார் 350 நியூட்டன். மொத்தம் 900 நியூட்டன்.

நம்மிடம் இருக்கும் பிடிமானமோ 600 நியூட்டன். ஆகவே வண்டி ஏறாது. ஏறாவிட்டால் பரவாயில்லை, திரும்பிவிடலாம். ஆனால் மேலிருந்து கீழே வரும்போது என்ன நடக்கும்? இப்படிப்பட்ட சிறிய டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டுமே செயல்படும். பிரேக்குக்கும் அதே 600 நியூட்டன்தான் எல்லை. இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரப் பிடிமானம் இன்னும் குறையும். 900 நியூட்டன் தள்ளுகிறது. 600க்கும் குறைவான விசை தடுக்கிறது. சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். பின்னால் இருக்கும் இழுவை வண்டி டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்தாலும் வியப்பில்லை.

சரிவு 15 பாகையைத் தாண்டினால் ஓட்டாதீர்கள் என்று இவ்வகை டிராக்டர்களின் பல கையேடுகளில் எழுதியிருக்கும். 15 பாகை என்பது 1 மீட்டர் முன்னே போனால் 27 சென்டிமீட்டர் உயரும் சரிவு. அதுவும் சுமை இல்லாத, காய்ந்த தரைக்கான எல்லை. சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும் என்பதும் அதே கையேட்டில் இருக்கும்.

சுழலும் கருவிகளுக்கு மரியாதை கொடுங்கள்

சும்மா நின்ற அந்தக் குதிரைகள் வேலை செய்வது சுழலும் கருவிகளில்தான். புல்வெட்டும் தட்டுக்குள் 53 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 50 சுற்றுகள். ஒரு சுற்றில் கத்தியின் நுனி ஏறக்குறைய 1.66 மீட்டர் நகர்கிறது. அப்படியானால் நுனியின் வேகம் விநாடிக்கு 83 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர்தான்.

20 கிராம் சரளைக்கல் ஒன்று அந்த வேகத்தில் தெறித்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 70 ஜூல். 7 கிலோகிராம் இரும்புக் குண்டை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவரின் காலில் போடுவதற்குச் சமம். எனவே புல் வெட்டும்போது திடலில் யாரும் இருக்கக் கூடாது என்பதும், வெட்டும் முன் கற்களையும் போத்தல்களையும் பொறுக்க வேண்டும் என்பதும் வெறும் ஒழுங்கு விதிகள் அல்ல. தட்டின் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்பு மடலைக் கழற்றிவிட்டு வெட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. 70 ஜூல் என்ற கணக்கைத் தெரிந்தவர் அதைச் செய்ய மாட்டார்.

சற்றுப் பெரிய டிராக்டர்களில் பின்புறம் ஒரு சுழல்தண்டு இருக்கும். பலவற்றில் அதன் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுகள், அதாவது விநாடிக்கு 9 சுற்றுகள். கேட்பதற்கு மெதுவாகத் தோன்றும். 7 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட தண்டின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். ஒரு விநாடியில் அது ஏறக்குறைய 2 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். சட்டையின் நுனி மாட்டியது என்று மூளை உணர்ந்து கை நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தண்டை மூடும் உறை இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

முன்வாளியும் நெம்புகோலும்

தாங்கும் கருவிகளில்தான் கணக்கு நம்மை ஏமாற்றும். முன்வாளியும் அதிலுள்ள மண்ணும் சேர்ந்து 60 கிலோகிராம். அது முன் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.2 மீட்டர். முன்சக்கரம் எவ்வளவு கூடுதலாகத் தாங்க வேண்டும்? 60 கிலோகிராம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இது ஒரு நெம்புகோல். முன் அச்சுதான் அதன் நிலைப்புள்ளி. பாடத்தில் ‘மொமென் டாயா’ என்று படித்த திருப்புத்திறனை இங்கே போட்டுப் பாருங்கள். 60 பெருக்கல் 0.6ஐ 1.2ஆல் வகுத்தால் 30. பின்சக்கரங்களிலிருந்து 30 கிலோகிராம் தூக்கப்படுகிறது. அதுவும் சேர்ந்து முன்சக்கரங்களில் 90 கிலோகிராம் கூடுகிறது.

பின்சக்கரம் இலேசாகிறது என்றால் பிடிமானமும் பிரேக்கும் குறைகின்றன. முன் அச்சும் திருப்பும் கம்பிகளும் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாளியை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறிவிடும். ஆகவே முன்வாளி வாங்குபவர் பின்னால் மாட்டும் எதிர் எடையையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதையும் வண்டி தாங்குமா என்று கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கருவியை எந்த இடத்தில், எப்படி மாட்டுகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் ஹாரி பெர்குசன். அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர். அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலியால் டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டர் நிற்காது. பின்சக்கர அச்சைச் சுற்றி முன்பக்கம் எழும்பி, ஓட்டுநரின் மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் பிணைத்தார். கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே ஒரு கம்பி இருக்கும். மண்ணின் எதிர்ப்பு கலப்பையை முன்னோக்கிச் சாய்க்கப் பார்க்கும்போது, மேல்கம்பி அந்தத் தள்ளலை டிராக்டருக்குக் கொடுத்து முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். கவிழ்க்க வந்த விசையே நிலைநிறுத்தும் விசையாகிவிட்டது.

அந்த அமைப்போடு 1936இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரும் 1939இல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த டிராக்டரும் வந்தன. 1953இல் அவர் நிறுவனம் மேஸ்ஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. மேஸ்ஸி பெர்குசன் என்ற பெயரைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஒரு கதையாவது சொல்லக்கூடும். இன்றும் உலகெங்கும் டிராக்டர்களின் பின்னால் அந்த முப்புள்ளி இணைப்புதான் இருக்கிறது.

புல்தரை டிராக்டரில் பொதுவாக அது இருக்காது. பின்புறம் துளையிட்ட ஒரு தகடு மட்டும் இருக்கும். அந்தத் தகடு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இழுக்கும் புள்ளி உயர உயர, டிராக்டரைப் பின்னோக்கிக் கவிழ்க்கும் திருப்புத்திறனும் கூடும். மரக்கட்டையை இழுக்கிறேன் என்று இருக்கையின் பின்பக்கத்தில் கயிறு கட்டுவது, பெர்குசன் தீர்த்துவைத்த ஆபத்தை நாமே திரும்ப அழைத்து வருவதாகும்.

மண்ணின் கட்சி

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் வண்டியைப் பார்க்கிறார்கள். மண்ணின் கட்சியில் நின்று பேச ஆள் இல்லை. நான் பேசுகிறேன்.

கையேட்டில் அழகாகத் தெரியும் கருவி உருளை. உள்ளே தண்ணீர் நிரப்பி இழுத்தால் திடல் மேசை மாதிரி சமமாகும் என்பார்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோகிராம். அது மேட்டை மட்டும் அழுத்துவதில்லை. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் துளைகளையும் மூடுகிறது. வேருக்கு ஆக்சிஜன் போவதும் மழைநீர் உள்ளே இறங்குவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் நாட்டில், களிமண் கலந்த திடலில் அடிக்கடி உருளையை ஓட்டினால், மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும். அப்புறம் அதே திடலுக்கு வடிகால் வெட்டப் பணம் திரட்ட வேண்டியிருக்கும்.

எதிர்வேலை செய்வது துளையிடும் கருவி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆணியால் குத்துவது. அது துளை போட்டாலும் மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கிவிடும். மற்றொன்று குழாய் வடிவப் பற்களால் மண்ணைச் சிறு சிறு உருளைகளாக வெளியே எடுத்துப் போடுவது. இரண்டாவதுதான் மண்ணுக்கு உண்மையான நிவாரணம். மண் ஈரப்பதத்தோடு, ஆனால் சேறாகாமல் இருக்கும்போது அதை இழுக்க வேண்டும்.

டிராக்டரின் டயரும் மண்ணை அழுத்துகிறது. டயர் தரையில் தரும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே. புல்தரை டிராக்டரில் அது 70 முதல் 100 கிலோபாஸ்கல் வரை இருக்கும். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவர் இரண்டு காலணிகளிலும் சேர்த்து 250 சதுர சென்டிமீட்டர் பரப்பில் நின்றால் 20 கிலோபாஸ்கல்தான். அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரே தடத்தில் ஓட்டாமல், இந்த வாரம் நீளவாக்கில், அடுத்த வாரம் அகலவாக்கில் என்று மாற்றி வெட்டுவது நல்லது. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

புல்லை அள்ளுவதா, விடுவதா?

வெட்டிய புல்லைப் பையில் சேகரித்தால் திடல் சுத்தமாக இருக்கும். ஆனால் காய்ந்த புல் துணுக்குகளில் ஏறக்குறைய 4 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. பையில் அள்ளிக் குப்பைக்கு அனுப்புகிறோம். பிறகு நைட்ரஜன் உரத்தை மூட்டையாக வாங்கி வந்து தூவுகிறோம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல! அள்ளிய புல்லைக் கொளுத்தவும் முடியாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது.

இதற்கு மாற்று, புல்லைப் பொடியாக நறுக்கித் தரையிலேயே விடும் கத்தியும் மூடியும். பெரும்பாலான புல்வெட்டும் தட்டுகளுக்கு இவற்றைத் தனியே வாங்கி மாட்டலாம். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கு இடையே அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்டை மட்கி, சத்து மீண்டும் மரத்துக்கே போகிறது. திடலிலும் அதே தத்துவம்தான். ஒரு நிபந்தனை உண்டு. ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று வாரம் விட்டுவிட்டு முழங்கால் உயரப் புல்லை வெட்டினால், துணுக்குகள் கட்டி கட்டியாகக் கிடந்து கீழே இருக்கும் புல்லைச் சாகடிக்கும். அப்போது வாரித்தான் ஆக வேண்டும்.

ஆண்டுக்கு எத்தனை முறை?

ஒரு கருவியின் விலை 3,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு 2 முறை பயன்படுத்தினால், ஒரு முறைக்கு 150 ரிங்கிட். ஆண்டுக்கு 50 முறை பயன்படுத்தினால், ஒரு முறைக்கு 6 ரிங்கிட். விலைச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான். ஆண்டுக்கு இரண்டு முறை வேண்டிய கருவியை அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம்.

தட்டின் அகலத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் கொண்ட திடலின் பரப்பளவு 6,000 சதுர மீட்டர். 42 அங்குலத் தட்டு, தடங்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஓட்டினால், 0.95 மீட்டர் அகலத்தை வெட்டும். விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 75 நிமிடம் ஆகும். 54 அங்குலத் தட்டுக்கு 57 நிமிடம். மிச்சமாவது 18 நிமிடம். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதா என்பதை அந்தந்தப் பள்ளி முடிவு செய்யட்டும். ஆனால் 18 என்ற எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

என் பட்டியல்

ஒரு பள்ளித் திடலுக்குப் புல்தரை டிராக்டர் வாங்கினால், என் பரிந்துரை மூன்று. நறுக்கி விடும் கத்தியும் மூடியும். கையேடு சொல்லும் எடைக்குள் அடங்கும் சிறிய இழுவை வண்டி. மண்ணை உருளையாக எடுக்கும் துளையிடும் கருவி. இதை இன்னொரு பள்ளியோடு பங்கிட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்பதும் மூன்று. உருளை, சுழல் கலப்பை, முன்வாளி.

இதற்கு மறுப்பு வரும். கிரிக்கெட் ஆடுபவர்களுக்கு உருளை வேண்டாமா? வேண்டும், ஆனால் ஆடுகளத்தின் நடுவில் இருக்கும் அந்த நீண்ட துண்டுக்கு மட்டும். கால்பந்துத் திடல் முழுவதற்கும் வேண்டாம். பள்ளித் தோட்டத்தில் காய்கறிப் பாத்தி போடச் சுழல் கலப்பை வேண்டாமா? பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு மண்வெட்டியும் நான்கு மாணவர்களும் போதும். அரை ஏக்கர் என்றால், அதற்கான தோட்ட டிராக்டரை வைத்திருப்பவரை ஒரு நாள் வாடகைக்கு அழைப்பதே சிக்கனம்.

“ஒப்பந்தக்காரர் வந்து வெட்டுகிறார், நமக்கு ஏன் இந்தக் கணக்கு?” என்றும் சிலர் கேட்கலாம். அவரும் ஒரு வண்டியில் உட்கார்ந்துதான் வெட்டுகிறார். பின்சரிவில் ஈரப் புல்லில் இழுவை வண்டியோடு இறங்கச் சொல்வது யார்? பள்ளிதானே! கணக்குத் தெரிந்த பள்ளி அப்படிச் சொல்லாது.

மாணவர்களே, இந்த வாரம் உங்கள் திடலை அளந்து பாருங்கள். கோணமானியின் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டால் சரிவை அளந்துவிடலாம். மழை விட்ட பிறகு எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை எந்த வேலை நடக்கிறது என்று பள்ளித் தோட்டக்காரரைக் கேளுங்கள். ஓட்டப்போகிறவர் அவர்தான், அவருக்குத் தெரிந்தது கையேட்டில் இருக்காது. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வைப்பதற்கு விற்பனைக் கையேட்டைவிடப் பயனுள்ள ஆவணம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

விசை, உராய்வு, திருப்புத்திறன், அழுத்தம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொற்கள் அந்த ஒரு தாளிலேயே அடங்கிவிடும். அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டத் தயங்காதீர்கள். பணம் பெற்றோருடையது, திடல் உங்களுடையது.